ஜனவரியில், கார் இல்லாமல், ஒருவர் மட்டும்: போர்ச்சுகலில் ஓய்வுக்கால ஊர் தேடுபவருக்கு

அக்கா, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் லண்டனில் வேலை பார்த்து, நீங்கள் இருவரும் இப்போது ஓய்வில் இருக்கிறீர்கள். உங்களுக்கு 67 வயது, அண்ணனுக்கு 69. இருவருக்கும் பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியமான ஸ்டேட் பென்ஷன் முழுதாக வருகிறது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், கையில் கொஞ்சம் சேமிப்பு. நடு போர்ச்சுகலில் ஒரு மலைக்கிராமத்துக் கல்வீட்டை 45,000 யூரோவுக்கு விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறீர்கள். வாங்கலாமா, வேறு ஊர் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு தருகிறார்களே, அது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள்.

என் பதில்: இப்போது எதையும் வாங்காதீர்கள். முதலில் வாடகைக்குப் போங்கள். அதுவும் கிராமத்துக்கு வேண்டாம், ரயில் நிலையம் உள்ள சின்ன நகரத்துக்கு. நான் தூத்துக்குடிக்காரன். லிஸ்பனில் பதினோரு வருடம் வேலை செய்துவிட்டு 2018-இல், நடு போர்ச்சுகலில் உள்ள டோமார் என்ற சின்ன நகரத்தின் பக்கம் வந்தேன். நீங்கள் பார்த்த மாதிரி ஒரு கல்வீட்டில் இரண்டு குளிர்காலம் வாழ்ந்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் எந்த நாடு உங்களை உள்ளே விடும் என்று பார்ப்போம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போர்ச்சுகல், ஸ்பெயின் போன்ற நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். நிரந்தரமாகத் தங்க விசா வேண்டும், விசாவுக்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஸ்டேட் பென்ஷன் வாரம் 230.25 பவுண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய 1,000 பவுண்டு, யூரோவில் 1,150 அளவு. இருவருக்கும் சேர்த்து 2,300 யூரோ.

ஸ்பெயினில் வேலை செய்யாமல் தங்கும் விசாவுக்கு முதல் ஆளுக்கு 2,400, துணைக்கு 600, ஆக 3,000 யூரோ கேட்கிறார்கள். கிரீஸ் 2024-லிருந்து ஒருவருக்கே 3,500 ஆக்கிவிட்டது. இத்தாலி ஒருவருக்கு வருடம் 31,000 யூரோ, தம்பதிக்கு அதைவிட அதிகம். போர்ச்சுகலில், பென்ஷன் போன்ற வருமானத்தில் வாழ வருகிறவர்களுக்கு டி7 என்று ஒரு விசா உண்டு, அதற்கு அந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம்தான் அளவுகோல். 2025-இல் அது 870 யூரோ. துணைக்கு அதில் பாதி சேர்த்தால் 1,305. வருடா வருடம் இது ஏறும், ஆனாலும் உங்கள் 2,300 அதைத் தாராளமாகத் தாண்டும். ஒரே ஒருவருடைய பென்ஷனை மட்டும் காட்டினால் தாண்டாது, அதனால் இருவருடைய பத்திரங்களையும் சேர்த்துக் கொடுங்கள். பென்ஷனை மட்டும் நம்பிப் போகிற உங்களுக்கு இந்த நான்கு நாடுகளில் கதவு திறந்திருப்பது போர்ச்சுகலில்தான்.

ஒரு யூரோ வீட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சிசிலியில் சம்புகா என்ற ஊர் 2019-இல் அப்படி வீடுகளை ஏலம் விட்டு உலகமெங்கும் பேசப்பட்டது. வீடு உண்மையிலேயே கிடைக்கும். ஆனால் குறிப்பிட்ட வருடங்களுக்குள் முழுதாகப் பழுதுபார்த்து முடிப்பதாக எழுதிக் கொடுத்து, முன்பணமும் கட்ட வேண்டும். கூரையே இல்லாத வீட்டைப் பழுதுபார்க்கிற செலவில் நல்ல அடுக்ககமே வாங்கிவிடலாம். அதைவிட முக்கியம், வீட்டுப் பத்திரம் கையில் இருப்பதால் மட்டும் யாரும் தங்க அனுமதி தருவதில்லை.

இன்னொன்று. "பேசாமல் ஊருக்கே போய்விடலாமா" என்றும் எழுதியிருந்தீர்கள். மனசுக்கு எது சரி என்று நான் சொல்ல முடியாது. பணக்கணக்கை மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் குடியிருந்தால் உங்கள் ஸ்டேட் பென்ஷன் பிரிட்டனில் ஏறுகிற மாதிரியே வருடா வருடம் ஏறும். இலங்கையிலோ இந்தியாவிலோ குடியேறினால், போகிற அன்று என்ன தொகையோ அதிலேயே நின்றுவிடும். 67 வயதில் இது சின்ன விஷயமாகத் தெரியும். 82 வயதில் இதுதான் பெரிய விஷயம்.

சரி, கல்வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு டோமாரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் இருந்தது. இரண்டடி கனத்தில் கல் சுவர், தரையில் சிவப்பு ஓடு, வாசலில் ஒரு எலுமிச்சை மரம். செப்டம்பரில் பார்த்தபோது இதைவிட அழகான வீடு உலகத்தில் இல்லை என்று தோன்றியது. டிசம்பர் வந்தது. போர்ச்சுகலில் பழைய வீடுகள் பெரும்பாலானவற்றில் லண்டன் வீடுகளில் உள்ள மாதிரி குழாய்வழி வெப்பம் கிடையாது. வெளியே 10 டிகிரி என்றால் வீட்டுக்குள் அதைவிடக் குளிராக இருக்கும். வெளியே வெயிலாவது அடிக்கும். கனத்த கல் சுவர் கோடையில் தரும் குளுமையைக் குளிர்காலத்திலும் தந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் ஒரு நாள் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்பலகை முழுக்கக் கரும்பச்சையாகப் பூஞ்சை. உள்ளே மடித்து வைத்திருந்த என் மனைவியின் பட்டுப்புடவைகள் ஈரம் கோத்து, மண்வாசனை அடித்தன. படுக்கையில் போர்வைக்குள் கால் வைத்தால் நனைந்த துணியில் வைத்த மாதிரி இருக்கும். விறகடுப்பு ஒன்று இருந்தது. அது இருந்த அறை மட்டும் சூடு, அடுத்த அறைக்குப் போகக் கோட்டு போட வேண்டும்.

அதையும் சமாளித்தோம். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினோம், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சேரும். எங்களை ஊர் மாற்ற வைத்தது வேறு சம்பவம். 2020 பிப்ரவரியில் அம்மாவின் திதிக்காக நான் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மழையில் நனைந்த கற்படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது, அவரிடமும் கார் இல்லை. 112-க்கு அழைத்தார்கள். இங்கே பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது தன்னார்வத் தீயணைப்புப் படையினர், பொம்பெய்ரோஸ் என்பார்கள். அவர்கள் வந்து அப்ராண்டெஸ் ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, அன்பாகத்தான் பார்த்தார்கள். எல்லாம் முடிந்தபோது இரவு பதினொன்றரை. வீட்டுக்கு எப்படித் திரும்புவது? நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பஸ் கிடையாது. ஒரு கையில் கட்டோடு மருத்துவமனை நாற்காலியிலேயே காலை வரை உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து என்னிடம் போனில் பேசியபோது அவள் அழவில்லை. "நாளைக்கு நீங்க இல்லாமப் போனா நான் இந்த வீட்டுல எப்படி இருப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து யார் ஊர் பற்றிக் கேட்டாலும் இந்த ஒரு சோதனையைத்தான் சொல்கிறேன். ஜனவரி மாதம், கார் இல்லை, உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் இருக்கிறீர்கள். அந்த ஊரில், அந்த வீட்டில் வாழ முடியுமா? மருந்துக்கடைக்கு நடக்க முடியுமா? ரொட்டி வாங்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடாவது இரண்டு வார்த்தை பேச முடியுமா? வாடகை ஐம்பது யூரோ கூடவா குறையவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் சொன்ன மலைக்கிராமத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தீ. 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராண்டே காட்டுத்தீயில் 66 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் காரில் தப்பிக்க முயன்று சாலையிலேயே. அதே வருடம் அக்டோபரில் மறுபடியும் பெரிய தீ. யூகலிப்டஸும் பைனும் நெருக்கமாக நிற்கிற மலைச்சரிவுகள் அவை. காட்டுப் பகுதியில் வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதரையும் மரத்தையும் வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தவறினால் அபராதம். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த வேலை வரும். எழுபது வயதுக்கு மேல் அதற்கு ஆள் பிடிப்பதே தனிப் பாடு. விலை 45,000 யூரோவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் வாரிசுகள். இங்கே பழைய வீடுகள் பல, ஐந்தாறு பேர் பேரில் பங்காகக் கிடக்கும், ஒருவர் பிரான்ஸில், ஒருவர் பிரேசிலில். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் விற்பனை நடக்காது. நம் ஊர்ப் பூர்வீகச் சொத்து மாதிரிதான்.

மருத்துவம் உங்களுக்கு மற்றவர்களைவிட எளிது. பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷன் வாங்குகிறவர்கள் எஸ்1 என்ற படிவம் பெறலாம். அதை இங்கே சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால், போர்ச்சுகல் பொது மருத்துவத்தை உள்ளூர்க்காரர் மாதிரியே பயன்படுத்தலாம், செலவைப் பிரிட்டன் ஏற்கும். 70 வயதில் தனியார் காப்பீடு தேடி அலைகிறவர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தக் காகிதத்தைப் பொன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் பயணக் காப்பீடு கேட்பார்கள், அது வேறு. பொது மருத்துவத்தில் பெரிய குறை, குடும்ப மருத்துவர் பற்றாக்குறை. 2025-இல் நாடு முழுக்க 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படவில்லை. எனவே ஒரு ஊரை முடிவு செய்யுமுன் அங்குள்ள சென்ட்ரோ டி சாவூடே, அதாவது ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு நேரில் போய், புதிதாகப் பதிகிறவருக்கு டாக்டர் கிடைக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள்.

இப்போது, அந்தக் கல்வீட்டை விட்டு நாங்கள் மாறிவந்த டோமார். 1160-இல் டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கிறிஸ்து மடமும் குன்றின்மேல் இருக்கின்றன. ஆனால் குன்று ஏற வேண்டியவர்கள் சுற்றுலாப் பயணிகள்தான். கீழே பழைய ஊர் தட்டை. நேர்கோட்டுத் தெருக்கள், நடுவில் நபாவோ ஆறு, அதன் கரையில் பெஞ்சுகள். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குப் பத்து நிமிட நடை. லிஸ்பனுக்கு நேர் ரயில், இரண்டு மணி நேரம். 65 வயதுக்கு மேல் டிக்கெட் பாதி விலை. மாதம் 20 யூரோவுக்கு நாடு முழுக்கப் பெரும்பாலான ரயில்களில் போகிற பச்சைப் பாஸ் 2024 அக்டோபரில் வந்தது, அதை எடுத்தால் கணக்கே வேண்டாம். நகராட்சி எல்லைக்குள் ஏறக்குறைய 36,000 பேர். ஒரு பாலிடெக்னிக் இருப்பதால் இளைஞர்களும் உண்டு. முதியோர் மட்டும் மிஞ்சிய ஊர் குளிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன், அதனால் இது எனக்கு முக்கியம்.

ஊரிலேயே மருத்துவமனை உண்டு. ஆனால் பெரிய அவசரத்துக்கு, என் மனைவியைக் கொண்டுபோன மாதிரி, அப்ராண்டெஸ் போக வேண்டிவரும். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வாடகை, இரண்டு படுக்கையறை உள்ள வீடு, இங்கே டி2 என்பார்கள், நான் இப்போது பார்க்கிற அளவில் 600-லிருந்து 800 யூரோ வரை. நாங்கள் வந்தபோது இதில் பாதி கொடுத்தோம். உங்கள் 2,300-இல் வாடகை 750, கரண்ட், தண்ணீர், கேஸ், இணையம் எல்லாம் குளிர்காலத்தில் 200, இருவர் சாப்பாடு 450 என்று வைத்தாலும் கையில் மிஞ்சும். கேஸ் இங்கே பல வீடுகளில் சிலிண்டர்தான், கடையில் சொன்னால் தோளில் தூக்கிவந்து மாட்டிக் கொடுப்பார்கள்.

இன்னும் பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே வேண்டும் என்றால் காஸ்டெலோ பிராங்கோ பாருங்கள். ஊருக்குள்ளேயே வட்டார மருத்துவமனை, ரயில் உண்டு. ஆனால் லிஸ்பன் தூரம், கோடையில் கடும் வெயில். கடல்காற்று வேண்டுமென்றால் கால்டாஸ் டா ராயின்யா. நடுச் சதுக்கத்தில் தினமும் காலையில் பழச்சந்தை கூடும் ஊர். அங்கே குளிர் குறைவு, ஈரம் அதிகம், வாடகையும் ஏறிவிட்டது. மூன்றிலும் எனக்கு டோமார் பிடிக்கும், அதில் என் பழக்கமும் கலந்திருக்கிறது.

மொழியைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தீர்கள். அக்கா, இந்த விஷயத்தில் நீங்கள் என்னைவிடக் கொடுத்துவைத்தவர். நான் இங்கே வந்து முதல் மாதம் கடையில் ரொட்டிக்குத் தடுமாறினேன். நீங்கள் பாண் என்று கேட்டால் போதும், கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அது அவர்கள் சொல்தான். கதிரை (நாற்காலி) அவர்களுக்குக் கடெய்ரா, குசினி (சமையலறை) கொசின்யா, சப்பாத்து (காலணி) சப்பாட்டு, துவாய் (துண்டு) துவால்யா. யன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் அப்படியே. நானூறு வருடத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் அவர்கள் விட்டுப்போன சொற்களை உங்கள் அம்மா அடுப்படியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வங்கியிலும் அலுவலகத்திலும் பேச அது போதாது. நகராட்சிகளும் பள்ளிகளும் வெளிநாட்டவருக்கு நடத்துகிற வகுப்பில் சேருங்கள். ஆனால் வீட்டுக்குள் இருக்கிற பாதிப் பொருளுக்குப் பெயர் தெரிந்த நிலையில் வகுப்புக்குப் போகிறீர்கள்.

சாப்பாட்டிலும் அவ்வளவு அந்நியம் இல்லை. இவர்கள் ஐரோப்பாவிலேயே அதிகமாகச் சோறு தின்கிறவர்கள், சொந்தமாக நெல்லும் விளைகிறது. கொத்தமல்லித் தழை எந்தக் காய்கறிக் கடையிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். மத்தி மீன் மலிவு. கறிவேப்பிலை, உளுந்து, நல்ல மிளகாய்த்தூளுக்கு மாதம் ஒரு தரம் லிஸ்பனில் மார்ட்டிம் மோனிஸ் பக்கம் போவோம். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் இரண்டு பையோடு திரும்பிவிடலாம்.

வரி விஷயத்தில் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பென்ஷனுக்கு வரியே இல்லை, பிறகு 10 சதவீதம் என்றிருந்த என்.எச்.ஆர். சலுகை 2024-லிருந்து புதியவர்களுக்கு இல்லை. அதற்குப் பதில் வந்த திட்டம் ஓய்வூதியக்காரர்களுக்கானது அல்ல. வருடத்தில் 183 நாளுக்கு மேல் இங்கே இருந்தால் உங்கள் வருமானத்தை இங்கே காட்டி, உள்ளூர் விகிதத்தில் வரி கட்ட வேண்டும். பிரிட்டனில் வரியில்லாத ஐசா சேமிப்பின் வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு. எனவே லண்டனைவிட்டுக் கிளம்பும் முன்னரே இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். கிளம்பிய பிறகு பேசினால் பாதிப் பயன்தான்.

டி7 விசாவில் வந்தால் முதலில் நான்கு மாத விசா, அதற்குள் ஐமா என்ற குடிவரவு அலுவலகத்தில் கைரேகை கொடுத்து இரண்டு வருட அட்டை, பிறகு மூன்று வருடம். ஐமாவில் லட்சக்கணக்கான கோப்புகள் தேங்கியிருந்தன, பொறுமை வேண்டும். அட்டை உள்ள காலத்தில் தொடர்ச்சியாக ஆறு மாதமோ, மொத்தமாக எட்டு மாதமோ தாண்டி வெளியே இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் போய் இரண்டு மூன்று மாதம் தங்குகிறேன் என்றீர்களே, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நாள் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை விதிகள் மாறக்கூடியவை என்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பின்னாளில் ஒருவர் தனியாகிவிட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பலர் கேட்கத் தயங்குகிற கேள்வி அது. இங்கே சிறு நகரங்களில் மிசெரிகோர்டியா என்ற பழைய அறநிலையங்கள் உண்டு, 1498-இல் லிஸ்பனில் தொடங்கிய மரபு. முதியோர் இல்லம் நடத்துகிறார்கள், வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து, குளிக்க உதவி, வீடு துடைத்துத் தருகிற சேவையும் உண்டு. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. வரிசை நீளம். எங்கள் மாடியில் இருக்கும் அம்மாவுக்கு 86 வயது, பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வண்டி வரும். அடுக்குப் பாத்திரத்தில் சூப், மீன், சோறு. கொண்டுவரும் பெண் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள். கிராமத்தில் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருக்குமா என்று என் மனைவி கேட்பாள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வருகிற ஜனவரியில் மூன்று வாரம் வாருங்கள், ஜூலையில் வேண்டாம். விசா தேவையில்லை. கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். டோமாரில் பத்து நாள், காஸ்டெலோ பிராங்கோவில் ஒரு வாரம், மீதி கால்டாஸ். ஓட்டலில் தங்காமல் சாதாரண வீடு ஒன்றை எடுங்கள். வீடு பார்க்கப் போனால் வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அலமாரியை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள், எரிசக்திச் சான்றிதழில் வீட்டுக்கு என்ன தர எழுத்து என்று கேளுங்கள், ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். நாம் கிழக்கு வாசல் கேட்போம், இங்கே தெற்குப் பார்த்த ஜன்னலைக் கேளுங்கள், குளிர்கால வெயில் அந்தப் பக்கம்தான். மூன்றாவது மாடி என்றால் லிஃப்ட் கட்டாயம்.

அண்ணனை ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் தனியாக மருந்துக்கடை, சந்தை, சுகாதார நிலையம் போய்வாருங்கள். அடுத்த நாள் அவர் தனியாகப் போகட்டும். டோமாரில் சந்தை வெள்ளிக்கிழமை. அன்று காலை வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள், ரயில் நிலையத்துக்கு நானும் மனைவியும் நடந்தே வந்துவிடுகிறோம்.